22 + 77 + 13 = 113: ஓர் அனோவா அட்டவணையைப் பிரித்துப் பார்த்தபோது

முடிவுப் பத்தி இப்படி இருந்தது: "வைட்டமினைக் கொடுத்த விதம், செல் நீளத்தின் மாறுபாட்டில் 22 விழுக்காட்டை விளக்குகிறது. கொடுத்த அளவு 77 விழுக்காட்டை விளக்குகிறது. இரண்டின் இடைவினை 13 விழுக்காட்டை விளக்குகிறது."

கினிப்பன்றிகளுக்கு வைட்டமின் சி கொடுத்த ஒரு சோதனையின் தரவை அனோவாவில் (மொத்த வேறுபாட்டைக் காரணிவாரியாகப் பிரித்துப் பார்க்கும் முறை) ஓட்டிவிட்டு, புள்ளியியல் பயிற்சி வகுப்பு ஒன்றில் நான்கு பேர் கொண்ட குழு எழுதிக் கொடுத்தது. இடைவினை என்றால், ஒரு காரணியின் விளைவு மற்றொன்றைப் பொறுத்து மாறுவது. நான் எதையும் அடிக்கவில்லை. மூன்றையும் கூட்டிப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். 112 வந்தது. தசமத்தோடு கூட்டினால் 112.9, அதாவது 113. "ரவுண்டிங்கில் ஏதோ போயிருக்கும் சார்" என்றார் ஒருவர். பதின்மூன்று விழுக்காடு ரவுண்டிங்கில் போகாது. அது மட்டுமா, ஒரே உணவு கொடுத்த விலங்குகளுக்குள்ளேயே இயல்பாக இருக்கும் வேறுபாட்டுக்கும் ஒரு பங்கு ஒதுக்க வேண்டுமே, அதற்கு இடம் எங்கே?

குழு கணக்கு எதையும் தப்பாகப் போடவில்லை. மூன்று எண்களும் எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருள் திரையில் காட்டியவை. மென்பொருளும் தப்பாகக் காட்டவில்லை. நிரலின் தலைப்பில் 'பார்ஷியல் ஈட்டா ஸ்கொயர்டு' (பகுதி ஈட்டா வர்க்கம்) என்று தெளிவாகவே இருந்தது. அறிக்கைக்கு மாற்றும்போது 'பார்ஷியல்' என்ற சொல் நழுவிவிட்டது. அந்த இடத்தில் 'விளக்குகிறது' என்ற சொல் வந்து உட்கார்ந்துகொண்டது. இந்த ஒரு சொல்லைத் தேடிப் போனதில் ஒரு முழு மதியம் கழிந்தது. அன்று பார்த்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

தரவு

வகுப்பில் கொடுத்திருந்தது, ஆர் மென்பொருளை நிறுவினால் கூடவே வந்துவிடும் 'டூத்க்ரோத்' தரவு. க்ராம்ப்டன் 1947-இல் வெளியிட்ட சோதனையிலிருந்து வந்தது. ப்ளிஸ் 1952-இல் தன் நூலில் எடுத்தாண்டார். மொத்தம் 60 கினிப்பன்றிகள். மனிதரைப் போலவே கினிப்பன்றியாலும் வைட்டமின் சி-யைத் தன் உடலிலேயே தயாரித்துக்கொள்ள முடியாது. சாப்பாட்டில் வந்தால்தான் உண்டு. அதனால்தான் இந்த விலங்கு. வைட்டமினை ஆரஞ்சுச் சாறாகக் கொடுத்தது ஒரு விதம், அஸ்கார்பிக் அமிலமாகக் கொடுத்தது இன்னொரு விதம். நாளொன்றுக்கு 0.5, 1, 2 மில்லிகிராம் என மூன்று அளவுகள். ஆக ஆறு பிரிவுகள், பிரிவுக்குப் பத்து விலங்குகள். அளந்தது, பல் வளர்ச்சிக்குக் காரணமான செல்களின் நீளம்.

எல்லாப் பிரிவிலும் எண்ணிக்கை சமம் என்பதால் இது பாடம் நடத்த வசதியான தரவு. எந்த மென்பொருளில் ஓட்டினாலும் வர்க்கங்களின் கூடுதல் (சராசரியிலிருந்து விலகும் தூரங்களை வர்க்கப்படுத்திக் கூட்டியது; மாறுபாட்டின் அளவு) ஒன்றாகவே வரும். அளவை மூன்று தனி வகைகளாக எடுத்துக்கொண்டு ஓட்டினால் கிடைப்பது இது (கடைசி இரண்டு நிரல்களையும் நாங்களே கால்குலேட்டரில் போட்டோம்). பிழை என்பது ஒரே பிரிவு விலங்குகளுக்குள் உள்ள வேறுபாடு. கட்டின்மைக் கூறு என்பது சுதந்திரமாக மாறக்கூடிய மதிப்புகளின் எண்ணிக்கை. வர்க்கக் கூடுதல்களை அவரவர் கட்டின்மைக் கூறால் வகுத்த பிறகு, காரணியுடையது பிழையுடையதைப்போல் எத்தனை மடங்கு என்பதுதான் எஃப்:

| மூலம் | வர்க்கங்களின் கூடுதல் | கட்டின்மைக் கூறு | எஃப் | ஈட்டா வர்க்கம் | பகுதி ஈட்டா வர்க்கம் |
|---|---|---|---|---|---|
| விதம் | 205.35 | 1 | 15.57 | 0.059 | 0.224 |
| அளவு | 2426.43 | 2 | 92.00 | 0.703 | 0.773 |
| விதம் × அளவு | 108.32 | 2 | 4.11 | 0.031 | 0.132 |
| பிழை | 712.11 | 54 | | 0.206 | |
| மொத்தம் | 3452.21 | 59 | | | |

ஈட்டா வர்க்கம் என்பது, ஒரு காரணியின் வர்க்கக் கூடுதலை மொத்தத்தால் வகுப்பது. பகுதி ஈட்டா வர்க்கம் என்பது, அதே கூடுதலை 'அதுவும் பிழையும் சேர்ந்த தொகை'யால் வகுப்பது. ஈட்டா வர்க்க நிரலைப் பிழையோடு சேர்த்துக் கூட்டினால் (தசமம் வெட்டியதைத் தவிர்த்தால்) 1 வரும். பகுதி ஈட்டா வர்க்க நிரலைக் கூட்டக் கூடாது. கூட்டினால் என்ன வரும் என்பதற்கு உத்தரவாதம் எதுவும் கிடையாது. இங்கே 1.129 வந்தது, அவ்வளவுதான்.

குழுவில் ஒருவருக்கு இது பிடிபடவில்லை. வீட்டுச் செலவை வைத்துச் சொல்லிப் பார்த்தேன். மாதச் செலவு முழுவதிலும் காய்கறிக்குப் போனது எவ்வளவு பங்கு என்று கேட்டால் அது ஈட்டா வர்க்கம். வாடகை, பள்ளிக் கட்டணம், பால் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, காய்கறியும் கணக்கில் வராத சில்லறைச் செலவும் மட்டும் சேர்ந்த தொகையில் காய்கறியின் பங்கு எவ்வளவு என்று கேட்டால் அது பகுதி ஈட்டா வர்க்கம். இரண்டுமே நியாயமான கேள்விகள்தான். ஆனால் இரண்டாவது கேள்வியின் விடையைக் கொண்டுபோய், "என் சம்பளத்தில் இத்தனை விழுக்காடு காய்கறிக்கே போகிறது" என்று யாரிடமும் சொல்ல முடியாது.

205.35 அசையவில்லை

அட்டவணையில் 'விதம்' என்ற ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொண்டு, மாதிரியை (எந்தக் காரணிகளை எப்படிச் சேர்க்கிறோம் என்ற அமைப்பை) மூன்று விதமாக மாற்றி ஓட்டினோம். எனக்கு இந்த வழக்கிலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

முதலில், அளவு என்ற காரணியையே எடுத்துவிட்டு, சாறா அமிலமா என்பதை மட்டும் வைத்து ஒருவழி அனோவா. எஃப் 3.67; பி-மதிப்பு (விளைவே இல்லாவிட்டாலும் இவ்வளவு பெரிய எஃப் தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.060. வழக்கமான 0.05 எல்லையை மயிரிழையில் தவறவிடுகிறது. ஒரே காரணி இருக்கும்போது ஈட்டா வர்க்கமும் பகுதி ஈட்டா வர்க்கமும் ஒன்றுதான்: 0.059.

அடுத்து, அளவைச் சேர்த்தோம். ஆனால் வகையாக அல்ல, 0.5, 1, 2 என்ற எண்ணாகவே. ஆரில் இந்தத் தரவைத் திறந்த உடனே ஓட்டுகிறவர்களுக்குத் தானாகவே நடக்கும் விபத்து இது. அந்த நிரல் அங்கே எண்ணாகத்தான் இருக்கிறது. மென்பொருள் ஒரு நேர்கோட்டைப் பொருத்துகிறது. பிழையின் வர்க்கக் கூடுதல் 933.6, கட்டின்மைக் கூறு 56. விதத்தின் எஃப் இப்போது 12.32. பகுதி ஈட்டா வர்க்கம் 0.180.

மூன்றாவது, மேலே அட்டவணையில் உள்ளது. அளவு வகையாக மாறியதும் பிழை 712.11-ஆகச் சுருங்குகிறது. எஃப் 15.57. பகுதி ஈட்டா வர்க்கம் 0.224.

மூன்று ஓட்டத்திலும் விதத்தின் வர்க்கக் கூடுதல் அதே 205.35. ஈட்டா வர்க்கம் அதே 0.059. விலங்கு மாறவில்லை, சாறு மாறவில்லை, செல்லின் நீளம் மாறவில்லை. ஆனாலும் பகுதி ஈட்டா வர்க்கம் 0.059, 0.180, 0.224 என்று ஏறிக்கொண்டே போனது. மாறியதெல்லாம் வகுக்கும் எண்தான். நாம் வேறு எந்தெந்தக் காரணிகளை மாதிரியில் சேர்த்தோம், எப்படிச் சேர்த்தோம் என்பதும் இந்த அளவுக்குள் ஒளிந்திருக்கிறது.

இதில் இன்னொரு வம்பும் உண்டு. புள்ளியியல் அறிஞர் ஜேக்கப் கோஹனின் 1988 நூலிலிருந்து, விளைவின் அளவுக்கு எல்லாரும் மனப்பாடமாகச் சொல்லும் எல்லைகள்: 0.01 சிறியது, 0.06 நடுத்தரம், 0.14 பெரியது. அந்த எல்லைகளை இங்கே வைத்தால், ஒரே விளைவு 0.059 என்று எழுதினால் நடுத்தரத்தைக்கூடத் தொடவில்லை, 0.224 என்று எழுதினால் 'பெரியது'. இடைவினையும் அப்படித்தான்: 0.031 என்றால் சிறியது, 0.132 என்றால் பெரியதன் வாசற்படியில் நிற்கிறது. எந்த நிரலிலிருந்து எடுத்தோம் என்பதைப் பொறுத்து உரிச்சொல் மாறிவிடுகிறது. உரிச்சொல் இல்லாமலேயே எழுதலாமே என்பது என் கட்சி. ஆய்வேட்டு வழிகாட்டிகள் பலர் ஒத்துக்கொள்வதில்லை.

பழைய தலைப்பு ஒன்றின் வரலாறு

இன்றைய எஸ்.பி.எஸ்.எஸ். தலைப்பைச் சரியாகப் போடுகிறது. எப்போதும் அப்படி இருந்ததில்லை. இரண்டு அளவுகளுக்கும் உள்ள வேறுபாட்டைக் கோஹன் 1973-லேயே தனிக் கட்டுரையாக எழுதியிருக்கிறார். ஆனாலும் அந்த மென்பொருளின் பழைய பதிப்புகள் சில, கணக்கிட்டுக் காட்டியது பகுதி ஈட்டா வர்க்கத்தை, தலைப்பில் போட்டது வெறும் 'ஈட்டா வர்க்கம்' என்று. ஆய்வாளர்கள் தலைப்பில் இருந்ததை அப்படியே எழுதினார்கள். அவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

2002-இல் லெவினும் ஹல்லெட்டும் தகவல்தொடர்பு ஆய்வுத் துறையை முன்வைத்து இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். 2004-இல் பியர்ஸ், ப்ளாக், அகினிஸ் மூவரும் உளவியல் பக்கமிருந்து அதே எச்சரிக்கையை எழுதினார்கள். பிந்தைய பதிப்புகளில் தலைப்பு திருத்தப்பட்டது. ஆனால் அச்சான கட்டுரைகள் அச்சானவைதானே. அவற்றைத் தொகுத்து மெட்டா பகுப்பாய்வு (பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றாகச் சேர்த்து அலசுவது) செய்கிறவர் கையில் இரண்டு அளவுகளும் ஒரே பெயரில் கலந்து வந்து விழுகின்றன.

கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. கட்டுரையில் எஃப் மதிப்பும் இரண்டு கட்டின்மைக் கூறுகளும் கட்டாயம் இருக்கும். எஃப்-ஐ முதல் கட்டின்மைக் கூறால் பெருக்குங்கள். அந்தத் தொகையை, அதுவும் இரண்டாவது கட்டின்மைக் கூறும் சேர்ந்த தொகையால் வகுங்கள். வருவது பகுதி ஈட்டா வர்க்கம். நம் தரவில் 15.57-ஐ 15.57 + 54-ஆல் வகுத்தால் 0.224. இரண்டு மூன்று காரணிகள் உள்ள ஓர் ஆய்வில் 'ஈட்டா வர்க்கம்' என்று அச்சாகியிருக்கும் எண் இந்தக் கணக்கோடு அப்படியே பொருந்தினால், தலைப்பு பொய் சொல்கிறது என்று அர்த்தம். வகுப்பில் இதைச் சொன்னதும் ஆளுக்கொரு கட்டுரையைத் திறந்துவைத்துப் போட்டுப் பார்த்தார்கள். அரை மணி நேரம் யாரும் தேநீருக்குக்கூட எழவில்லை.

பெயர் மாறினால் என்ன கெட்டுப்போகும்?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் குழுவிலேயே கொஞ்சம் கறாரான ஆள். பெயரில் என்ன இருக்கிறது, விளைவு உண்மைதானே என்றார். அவருக்காக ஒரு கணக்கு போட்டோம்.

அடுத்து ஓர் ஆய்வாளர் வருகிறார். அவர் சாறையும் அமிலத்தையும் மட்டும் ஒப்பிடப் போகிறார். அளவு விலங்குக்கு விலங்கு மாறத்தான் செய்யும், அதை அவர் பகுப்பாய்வில் சேர்க்கப் போவதில்லை. நம் குழுவின் அறிக்கையைப் படித்துவிட்டு, "ஈட்டா வர்க்கம் 0.224" என்பதை ஜி-பவரில் (ஆய்வுக்கு எத்தனை பேர் தேவை என்று கணக்கிடும் மென்பொருள்) போடுகிறார். 80 விழுக்காடு திறன் (உண்மையில் இருக்கும் விளைவைப் பிடிக்கும் வாய்ப்பு), 0.05 எல்லை. மொத்தம் 30 விலங்குகள் போதும் என்று விடை வருகிறது. அவருடைய வடிவமைப்புக்குப் பொருந்தும் அளவு 0.059. அதைப் போட்டால் தேவைப்படுவது ஏறக்குறைய 125 முதல் 130 விலங்குகள். 30-ஐ வைத்துக்கொண்டு ஓட்டினால், உண்மையிலேயே இருக்கும் விளைவைப் பிடிக்க அவருக்குள்ள வாய்ப்பு நான்கில் ஒன்று அளவுக்குத்தான். பிறகு "முந்தைய ஆய்வின் முடிவை எங்களால் உறுதிசெய்ய முடியவில்லை" என்று ஒரு கட்டுரை வரும். கறாரான ஆள் கொஞ்ச நேரம் பேசவில்லை.

தலைகீழாகவும் நடக்கலாம். அதே ஆறு பிரிவு வடிவமைப்பை அப்படியே திரும்பச் செய்கிறவருக்குப் பொருத்தமானது 0.224 தான், அவர் 0.059-ஐப் போட்டால் தேவையில்லாமல் நிறைய விலங்குகளைப் பலியிடுவார். ஒரே நபரைப் பலமுறை அளக்கும் ஆய்வுகளில் ஜி-பவரிலேயே 'எஸ்.பி.எஸ்.எஸ். போல' என்று ஒரு தனித் தேர்வு வைத்திருக்கிறார்கள். அதைத் திறந்து பார்க்காமல் எண்ணை ஒட்டினால் இன்னொரு குழப்பம்.

ஓட்டும்போது இடறிய இடங்கள்

எஸ்.பி.எஸ்.எஸ்.-இன் இருவழி அனோவாப் பகுதி பகுதி ஈட்டா வர்க்கத்தை மட்டுமே தருகிறது. ஈட்டா வர்க்கம் வேண்டுமென்றால் கையால்தான் போட வேண்டும். இங்கே குழுவில் ஒருவர் 0.008 என்று கொண்டுவந்தார். எல்லாரும் முழித்தோம். அட்டவணையின் கீழே 'டோட்டல்' என்று ஒரு வரியும், 'கரெக்டட் டோட்டல்' என்று ஒரு வரியும் இருக்கும். அவர் முதல் வரியால் வகுத்திருக்கிறார். அது சராசரியைக் கழிக்காத கூட்டுத்தொகை. இந்தத் தரவில் 24,689-க்குப் பக்கம். வகுக்க வேண்டியது 3452.21 என்று இருக்கும் இரண்டாவது வரியால். சரிபார்க்க ஒரு வழி: மூன்று ஈட்டா வர்க்கங்களையும் கூட்டினால், அட்டவணைக்கு அடியில் பொடி எழுத்தில் இருக்கும் ஆர்-ஸ்கொயர்டு மதிப்பு வர வேண்டும். இங்கே 0.794. ஒருவழி அனோவாவுக்கான தனிப் பகுதியில், 27-ஆம் பதிப்பிலிருந்து ஈட்டா, எப்சிலான், ஒமேகா வர்க்கங்கள் எல்லாமே கிடைக்கின்றன.

ஆரில் 'எஃபெக்ட்சைஸ்' தொகுப்பின் ஈட்டா வர்க்கக் கட்டளை, நாம் எதுவும் சொல்லாவிட்டால் பகுதி அளவைத்தான் தரும். 'பார்ஷியல்' என்பதைப் பொய் என்று கொடுத்தால் மற்றது வரும். அதன் நம்பிக்கை இடைவெளியை (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய எல்லைகளை) பார்த்துப் பதறுகிறவர்கள் உண்டு, மேல் எல்லை எப்போதும் 1.00 என்று நிற்பதால். அது ஒருபக்க இடைவெளி. கீழ் எல்லையை மட்டும் படிக்க வேண்டும். அப்படியே அறிக்கையில் ஒட்டினால் மதிப்பாய்வாளர் கேட்காமல் விடமாட்டார். ஜாஸ்ப் மென்பொருளில் ஈட்டா, பகுதி ஈட்டா, ஒமேகா மூன்றும் தனித்தனிப் பெட்டிகளாக இருக்கின்றன. பாதுகாப்பானது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது, நாமே கைவைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டியிருப்பதால்.

ஒமேகா வர்க்கத்தையும் போட்டுப் பார்த்தோம். ஈட்டா வர்க்கம் கையில் உள்ள தரவை வைத்துக் கொஞ்சம் தாராளமாகவே பேசும். ஒமேகா அந்தத் தாராளத்தைக் கழிக்கும். விதம் 0.055, அளவு 0.693, இடைவினை 0.024. அறுபது விலங்குகள் இருப்பதால் பெரிய வித்தியாசம் இல்லை. பிரிவுக்கு நான்கைந்து பேர் என்று ஆய்வு செய்கிறவர்கள் இதைத் தவறவிடக் கூடாது.

பிரிவுகளில் எண்ணிக்கை சமமில்லாத தரவாக இருந்திருந்தால் இன்னும் பாடுபட்டிருப்போம். எஸ்.பி.எஸ்.எஸ். மூன்றாம் வகை வர்க்கக் கூடுதலைத் தரும், ஆரின் அடிப்படைக் கட்டளை முதல் வகையைத் தரும், இரண்டும் ஒத்துப்போகாது. அது வேறொரு மதியத்துக்கு.

திருத்தி எழுதியது

கடைசியில் குழு கேட்டது: "சார், ஜர்னலில் பார்ஷியல்தான் கேட்கிறார்கள். என்ன செய்வது?" கேட்டால் கொடுக்க வேண்டியதுதான். முழுப் பெயரோடு கொடுங்கள், வர்க்கங்களின் கூடுதல் அட்டவணையையும் கூடவே வையுங்கள். வேண்டியவர் வேண்டிய எண்ணை அதிலிருந்து எடுத்துக்கொள்வார். ஆனால் அதற்கு முன்னால், அந்தக் கினிப்பன்றிகளுக்கு என்னதான் ஆயிற்று என்று ஒருமுறை சராசரிகளைப் பாருங்கள் என்றேன்.

அதைத்தான் அதுவரை யாரும் பார்க்கவில்லை. 0.5 மில்லிகிராமில் சாறு 13.23, அமிலம் 7.98. 1 மில்லிகிராமில் 22.70, 16.77. 2 மில்லிகிராமில் 26.06, 26.14. குறைந்த அளவுகளில் சாறு தெளிவாக முந்துகிறது. அளவு கூடியதும் அந்த முந்தல் காணாமலே போய்விடுகிறது. "விதத்தின் விளைவு" என்று ஒற்றை எண்ணாகச் சொன்னது 3.70 என்ற சராசரி வித்தியாசத்தை; அந்த 3.70 எந்த அளவிலும் நடக்கவே இல்லை. 0.031-ஆ 0.132-ஆ என்று நாங்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த இடைவினைதான் இந்தச் சோதனையின் செய்தியே.

மாலையில் அவர்கள் கொடுத்த பத்தி:

"விதத்துக்கும் அளவுக்கும் இடையே இடைவினை காணப்பட்டது: எஃப் (2, 54) = 4.11, பி = 0.022, பகுதி ஈட்டா வர்க்கம் 0.132, ஈட்டா வர்க்கம் 0.031. 0.5 மில்லிகிராமில் ஆரஞ்சுச் சாறு பெற்ற விலங்குகளின் சராசரி நீளம் 5.25 அலகு கூடுதல் (95% நம்பிக்கை இடைவெளி 1.99 முதல் 8.51 வரை), 1 மில்லிகிராமில் 5.93 கூடுதல் (2.67 முதல் 9.19 வரை), 2 மில்லிகிராமில் வித்தியாசம் −0.08 (−3.34 முதல் 3.18 வரை). அளவின் முதன்மை விளைவு: எஃப் (2, 54) = 92.00, பி < 0.001, பகுதி ஈட்டா வர்க்கம் 0.773, ஈட்டா வர்க்கம் 0.703. விதத்தின் முதன்மை விளைவு: எஃப் (1, 54) = 15.57, பி < 0.001, பகுதி ஈட்டா வர்க்கம் 0.224, ஈட்டா வர்க்கம் 0.059, இடைவினை இருப்பதால் இதைத் தனித்துப் பொருள்கொள்ளவில்லை. அளவு ஒரு வகை மாறியாகச் சேர்க்கப்பட்டது."

கடைசி வாக்கியத்தைச் சேர்த்தவர் அந்தக் கறாரான ஆள். 'விளக்குகிறது' என்ற சொல் இந்த முறை எங்கேயும் இல்லை.